வணிக வாகன ஓட்டுநர்களின் ஓய்வு நேரச் சட்டங்கள்: பிரித்தானியாவும் ஐரோப்பாவும்

லாரி, பேருந்து போன்றவற்றைத் தொழிலாக ஓட்டுபவர் தொடர்ந்து எத்தனை மணி நேரம் ஓட்டலாம், எப்போது நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும் என்பதை வரையறுக்கும் சட்டங்கள் பிரித்தானியாவில் 1930 முதல் நடைமுறையில் உள்ளன.

முதல் உலகப் போர் முடிந்தபின், இராணுவத்துக்குத் தேவைப்படாத லாரிகள் பெருமளவில் விற்பனைக்கு வந்தன. போரிலிருந்து திரும்பிய பலர் அவற்றை வாங்கிச் சரக்கு ஏற்றும் தொழிலில் இறங்கினர். கடும் போட்டியால் வாடகை குறைய, இழப்பை ஈடுகட்டக் கூடுதல் நேரம் ஓட்டுவதே வழியாயிற்று. இரயில்வே ஊழியர்களின் மிகை வேலை நேரத்தைக் கட்டுப்படுத்த 1893இலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. சாலைப் போக்குவரத்துக்கு அத்தகைய பாதுகாப்பு வர மேலும் 37 ஆண்டுகள் ஆயின.

1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதைத் தடை செய்தது. ஒரு நாளின் மொத்த வரம்பு 11 மணி நேரம். 24 மணி நேரத்தில் தொடர்ச்சியாக 10 மணி நேர ஓய்வு கட்டாயம். இடைவேளை குறைந்தது அரை மணி நேரமாவது இருக்க வேண்டும். ஓட்டுநர் இளைப்பாறவும் உணவருந்தவும் இயல வேண்டும். வாகனம், சரக்கு தொடர்பான பிற வேலைகளும் ஓட்டும் நேரமாகவே கணக்கிடப்பட்டன. களைத்த ஓட்டுநரால் பொதுமக்களுக்கு நேரும் ஆபத்தைத் தடுப்பதே இப்பிரிவின் நோக்கமாகச் சட்டத்தில் கூறப்பட்டிருந்தது. ஓட்டுநரின் உடல்நலம் அதில் நோக்கமாகக் குறிப்பிடப்படவில்லை.

இதை நடைமுறைப்படுத்துவது எளிதாக இல்லை. வேலை நேரப் பதிவேட்டை ஓட்டுநரே கையால் எழுதினார். பயணம் முடிந்தபின் வசதிக்கேற்ப நிரப்பிவிட்டால் சோதனை அலுவலரால் கண்டுபிடிப்பது கடினம். பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது முன்வைக்கப்பட்டு 1968இல் நிறைவேறிய சட்டம், நாளொன்றுக்கு ஓட்டும் நேரத்தை 10 மணியாகக் குறைத்தது. ஆனால் பதிவேட்டின் குறை அப்படியே இருந்தது.

அக்குறைக்குத் தீர்வாக ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் 1970இல் டாக்கோகிராஃப் கருவியைக் கட்டாயமாக்கியது. வேகம், தொலைவு, ஓட்டிய நேரம், நிறுத்திய நேரம் ஆகியவற்றை இக்கருவி மெழுகு பூசிய வட்டத்தாளில் ஊசியால் கீறிப் பதியும். 1973இல் அச்சமூகத்தில் இணைந்த பிரித்தானியா இதை விருப்பத்துக்குரியதாக மட்டும் வைத்துக்கொண்டது. தொழிற்சங்கங்கள் அதை ‘ஓட்டுநர் அறையில் அமர்ந்த ஒற்றன்’ என்று சாடின. ஓய்வு நேரத்துக்கு ஆதாரம் தரக்கூடிய கருவியைத் தொழிலாளர் தரப்பே எதிர்த்தது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் மிகை நேர வேலையால் வரும் வருமானத்தை நம்பியிருந்த ஓட்டுநருக்கு, பதிவாகும் ஒவ்வொரு நிமிடமும் ஊதியப் பிரச்சினையாகவும் இருந்தது. கட்டாயப்படுத்தினால் வேலைநிறுத்தம் வெடிக்கும் என்று பிரித்தானிய அரசு ஐரோப்பிய நீதிமன்றத்தில் வாதிட்டது. உள்நாட்டுச் சிக்கலைக் காரணம் காட்டிப் பொதுச் சட்டத்தைத் தவிர்க்க முடியாது என்று 1979 பிப்ரவரி 7 அன்று தீர்ப்பு வந்தது.

1985ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதிமுறை, நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை என்ற அளவை நிறுவியது. இதைக் குறைந்தது 15 நிமிடங்கள் கொண்ட பகுதிகளாகப் பிரிக்கலாம் என்றிருந்ததால், மும்முறை கால் மணி நேரம் நிறுத்தினாலே போதுமானதாக இருந்தது. கால் மணி நேரத்தில் தேநீர் குடிக்கலாம், களைப்பு தீராது. 2007இல் நடைமுறைக்கு வந்த புதிய விதிமுறை, முதலில் 15 நிமிடம், பிறகு 30 நிமிடம் என்ற வரிசையில் மட்டுமே பிரிக்க அனுமதித்தது.

இதற்கிடையே 2002இல் வந்த ஐரோப்பிய வேலை நேர ஆணை, ஓட்டும் நேரத்தை மட்டுமன்றிச் சரக்கு ஏற்றுதல், இறக்குதல், வாகனச் சுத்தம், ஆவணப் பணி ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தது. வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம், எந்த வாரத்திலும் 60 மணி நேரம் என்பன வரம்புகள். இடைவேளையின்றித் தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. மொத்த வேலை ஆறு முதல் ஒன்பது மணி நேரம் என்றால் 30 நிமிட இடைவேளையும், அதற்கு மேல் என்றால் 45 நிமிடமும் உண்டு. 1930இன் சட்டத்தில் இல்லாத ஓட்டுநரின் உடல்நலம் இங்கு வெளிப்படையான நோக்கமாக இடம்பெற்றது. எனினும், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே தெரிந்த காத்திருப்பு வேலை நேரமாகக் கருதப்படவில்லை. கிடங்கு வாசலில் மணிக்கணக்கில் நிற்கும் ஓட்டுநருக்கு இது சிறிய விலக்கு அன்று.

வாரம் ஒருமுறை எடுக்க வேண்டிய 45 மணி நேர வழக்கமான ஓய்வை வாகனத்துக்குள்ளேயே கழிக்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2020இல் அது விதிமுறையிலேயே எழுதப்பட்டது.

50 கிலோமீட்டருக்கு மேற்படாத வழித்தடங்களில் ஓடும் உள்ளூர்ப் பேருந்துகளுக்கு ஐரோப்பிய விதிமுறை பொருந்துவதில்லை. அவற்றின் ஓட்டுநர்களுக்குப் பிரித்தானியாவின் உள்நாட்டு விதிகளில் இன்றும் ஐந்தரை மணி நேர ஓட்டத்துக்கு அரை மணி நேர இடைவேளை என்ற பழைய அளவே தொடர்கிறது.