ஓராள் பாய்ப்படகும் ஒத்த பந்தயமும்

1659ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மசூலிப்பட்டினத்துத் துறையில் நின்ற 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல் பெரும் புயலொன்றிற் சிக்கியது. கப்பலைக் காப்பதற்காக அதன் பெரிய பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதுமரம் நாட்டுதற்கென அக்கப்பல் வந்தடைந்த இடமே நமது கொட்டியாரக் குடா. 1660 ஏப்ரலில் கப்பற்றலைவரும் அவர் மைந்தர் றொபேட் நொக்சும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தையார் மலைநாட்டிலேயே உயிர் நீத்தார். மைந்தர் தப்பிச் செல்ல 1679 வரையும் ஆயிற்று. பாய்மரம் ஒன்று போனமையால் இலங்கைக்கு ஒரு வரலாற்று நூல் கிடைத்தது எனலாம்.

நேயர்களே, அந்தக் குடாவின் தென்கரையில், மூதூருக்கு அண்மையில் அமைந்த ஊர் கட்டைபறிச்சான். இவ்வூர்க் கரையில் நின்று இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளும் பாய்மரத்தைப் பற்றியதே. ஆயினும் இது கப்பலின் பாய்மரமன்று. தனியொருவர் ஏறி, தாமே சுக்கானைப் பற்றி, தாமே பாயின் கயிற்றை இழுத்துச் செலுத்தும் சிறு பந்தயப் படகின் பாய்மரம். இத்தகைய படகுகள் பலவற்றுள் ஒரு கழகம் எதனைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்னும் வினாவுக்கு ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் உள்ளே கிடப்பது பணத்துக்கும் திறமைக்கும் இடையே நிகழ்ந்த வழக்கு.

முன்னாளிற் பாய்ப்படகுப் பந்தயம் செல்வர்களின் விளையாட்டாகவே இருந்தது. நீண்ட படகும் பெரிய பாயும் உடையவர் வெல்வார். அடுத்த ஆண்டு அவரினும் செல்வர் ஒருவர் அதனினும் விரைவான படகைக் கட்டுவிப்பார். பழைய படகு கரையிற் கிடந்து உக்கும். இந்த வீண் செலவுக்கு எதிராக 1886இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அண்மையில் தோமஸ் மிடில்ற்றன் என்பார் ஒரு யோசனை கூறினார். படகுகள் யாவும் ஒரே அளவின, ஒரே வடிவின, ஒரே பாயின ஆகட்டும். முன்னே வருபவர் தம் கைத்திறத்தினால் வரட்டும் என்பதே அது. மறு ஆண்டு, 1887இல், 'வாட்டர் வாக்' எனப்பட்ட சிறு படகுகள் அவ்வாறே கட்டப்பட்டன. ஒரே வகைப் படகுகள் யாவும் ஒருங்கே புறப்பட்டு, முதலில் எல்லைக்கோட்டைக் கடப்பவர் வென்றார் எனக் கொள்ளும் முறை இவ்வாறு நிலைபெற்றது. வெவ்வேறு வகைப் படகுகளை ஓடவிட்டு, ஒவ்வொன்றின் வேகத்துக்கும் ஓர் எண் வகுத்து, ஓடிய நேரத்தைக் கணக்கிட்டுத் திருத்தும் போட்ஸ்மத் முறை ஆங்கில நாட்டில் 1950களிற் பரவியது. அதுவும் நியாயமானதே. எனினும் கரையிலே நிற்கும் கிழவருக்கும் சிறுவருக்கும், மூன்றாவதாக வந்த படகு எவ்வாறு முதற்பரிசு பெற்றது என்பதை விளக்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

திருகோணமலைத் துறைமுகம் 1957 ஒக்டோபர் வரையும் பிரித்தானிய அரச கடற்படையின் தளமாயிருந்தது. போர்க்கப்பல்கள் பலவற்றில் 27 அடி நீளமான 'வேலர்' படகுகளும் 14 அடிப் பாய்த்தோணிகளும் கொண்டுவரப்பட்டன. ஓய்வு நாட்களில் அவற்றைக் கொண்டு பந்தயம் ஓடுதல் கடற்படையினரின் வழக்கம். அக்காலத்தில் நம்மவரும் பாயைக் கையாண்டனர், ஆனால் வயிற்றுக்காக. வள்ளத்துக்குப் பாய் விரித்தவர் கச்சான் எழும் வேளையையும் வாடை திரும்பும் நாளையும் ஏட்டைப் பார்த்து அறிந்தவரல்லர். 1958ஆம் ஆண்டளவில் அரசாங்கம் மீன்பிடிப் படகுகளுக்கு இயந்திரம் பொருத்தும் திட்டத்தை ஆரம்பித்தது. அதனால் உழைப்பு இலகுவாயிற்று, மீனும் பெருகியது, அதில் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. பாய் மட்டும் சுருட்டப்பட்டது. பாய் விரித்த கைகளின் அறிவு ஒரு தலைமுறையிலே தேய்ந்துபோயிற்று.

உலக அரங்கில் ஓராள் படகின் கதையை ஒலிம்பிக் விளையாட்டே வளர்த்தது. 1948இல் இங்கிலாந்தின் டோர்க்கி கடலில் 'பயர்பிளை' என்னும் படகு ஓராள் பந்தயத்துக்கு எடுக்கப்பட்டது. அதனை வரைந்தவர் உபா பொக்ஸ். உண்மையில் அஃது இருவர் செலுத்தும் படகு. டென்மார்க்கைச் சேர்ந்த போல் எல்வ்ஸ்ரோம் என்னும் இளைஞர் முதல் ஓட்டத்தை முடிக்காமலே விலகியும், இறுதியிற் பொற்பதக்கம் பெற்றார். 1952, 1956, 1960 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் அவரே வென்றார். அம்மூன்றிலும் ஓடிய படகு 'பின்'. சுவீடனைச் சேர்ந்த றிக்கார்ட் சார்பி 1949இல் அதனை வரைந்தார். நீளம் 4.5 மீற்றர், பாய் 10 சதுர மீற்றர், படகின் உடல் மாத்திரம் 100 கிலோகிராமுக்கு மேல்.

இங்கே சிறிது தாமதிக்க வேண்டும். பின் மிக அழகிய படகு. எனினும் அது பருமனான மனிதரையே விரும்பும். காற்று ஓங்கி அடிக்கும்போது படகு கவிழாதிருக்க, செலுத்துபவர் கால்களைப் பட்டியிற் கொளுவி, உடல் முழுவதையும் வெளியே தொங்கவிட்டுச் சமன் செய்ய வேண்டும். எல்வ்ஸ்ரோம் அதற்கெனத் தம் வீட்டிலேயே ஒரு பலகை அமைத்து நாள்தோறும் பயின்றவர். நிறை போதாத வீரர் சிலர் நீரில் தோய்த்த கம்பளி மேலாடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அணிந்துகொண்டு ஏறினர். ஈரத்துணியைச் சுமந்தேனும் கனமாக வேண்டும் என்ற நிலை முதுகெலும்புக்கு நன்றன்று, விளையாட்டுக்கும் நன்றன்று. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கின் பாய்ப்படகுப் போட்டி அக்கபுல்க்கோவில் நடைபெற்றபோது, இலங்கையின் சார்பில் இந்தப் பின் படகிலே ஓடியவர் றேய் விஜேவர்த்தன. பொறியியலாளர், விமானி, மழைநீர் வேளாண்மைக்காக வாதாடியவர் என நாடறிந்தவர் அவரே. அப்போது அவருக்கு வயது 44. அவரைப் போன்றார் ஒருவர் ஓடினார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் 60 கிலோகிராம் நிறையுள்ள நமது இளைஞன் ஒருவனுக்குப் பின் படகு ஏற்றதன்று. 2021இல் நடைபெற்ற டோக்கியோ விளையாட்டுடன் பின் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது.

பின் படகின் விலையையும் பாரத்தையும் தாங்கமாட்டாதார்க்கென 1957இல் டென்மார்க்கின் நுட் ஓல்சன் 'ஓகே' என்னும் படகை வரைந்தார். ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலேயே கட்டிக்கொள்ளத்தக்கது. நீளம் 4 மீற்றர். உடல் 72 கிலோகிராம். தச்சுத்தொழில் தெரிந்த நாட்டுக்கு இது நல்ல படகு. எனக்கும் இதன்மேற் பற்று உண்டு. எனினும் கைவினையிற் கட்டிய படகுகளிடையே சிறிது சிறிதாக வேற்றுமை புகும். நல்ல தச்சன் கட்டியது முன்னே ஓடும். டப்ளினிலே தீர்த்த வழக்கு மறுபடியும் தலைதூக்கும்.

அதனை முற்றாகத் தீர்த்தது ஒரு தொலைபேசி உரையாடல். 1969இல் கனடாவைச் சேர்ந்த இயன் புறூஸ், மோட்டார் வண்டியின் கூரையில் ஏற்றிச் செல்லத்தக்க ஒரு சிறு படகு வேண்டும் எனப் புறூஸ் கேர்பியிடம் தொலைபேசியிற் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த கேர்பி கையிலிருந்த மஞ்சள் நிறத் தாளிற் படகின் உருவைக் கீறினார். கேட்ட நிறுவனம் பின்னர் வேண்டாம் என விட்டுவிட்டது. படம் பெட்டியிற் கிடந்தது. 1970 ஒக்டோபரில் ஆயிரம் டொலருக்குட்பட்ட படகுகளுக்கென அமெரிக்காவில் நடந்த போட்டிக்காக அதனைக் கட்டினர். பாய் தைத்த ஹான்ஸ் பொக் தாமே செலுத்தினார். முதல் நாள் பாயின் வெட்டு சரியில்லை எனக் கண்டு, அன்றிரவே அதனைத் திருத்தி, மறுநாள் வென்றார். 1971 சனவரியில் நியூயோர்க் படகுக் கண்காட்சியில் அது 'லேசர்' என்னும் பெயருடன் வெளிவந்தது. விலை 695 டொலர். இன்றளவில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டுவிட்டன.

இதன் சிறப்பு யாது? நீளம் 4.23 மீற்றர்; கண்ணாடியிழையாலான உடல் 59 கிலோகிராம் அளவே; இருவர் தூக்கி மணலைக் கடந்து நீரில் வைக்கலாம். பாய்மரம் இரு துண்டுகளாகக் கழலும். பாயை உறைபோல மரத்தின்மேற் செருகினாற் போதும். படகு கவிழ்ந்தால் நடுவே நீரில் இறங்கியிருக்கும் பலகையைப் பற்றி மிதித்து ஒருவரே நிமிர்த்தலாம். உட்புறம் மூடப்பட்டிருத்தலால் நீர் நிறைந்து அமிழாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதே உடலில் மரத்தின் கீழ்த்துண்டை மாற்றி மூவகைப் பாய் கட்டலாம்: 7.06 சதுர மீற்றர், 5.76, 4.7 என்பன. பெரியவரும், இளம் பெண்ணும், பதினான்கு வயதுச் சிறுவனும் ஒரே படகைத் தத்தம் நிறைக்கேற்பப் பயன்படுத்தலாம். 1996இல் இது ஒலிம்பிக்கிற் சேர்ந்தது. நடுத்தரப் பாய் 2008இலிருந்து மகளிர் பந்தயத்துக்கு உரியதாயிற்று. பெயர் இப்பொழுது ஐ.எல்.சி.ஏ. எனத் திருத்தப்பட்டுவிட்டது, பழகிய வாய் லேசர் என்றே சொல்லும்.

தமிழ் மக்கள் இதில் தேறமாட்டார் என எண்ணுவார் உளராயின், சென்னையின் நேத்ரா குமணனையும் வேலூரின் விஷ்ணு சரவணனையும் நினைவூட்டலாம். நேத்ரா பாய்ப்படகுப் பந்தயத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி. இருவரும் டோக்கியோவில் லேசர் வகைப் படகுகளிலேயே ஓடினர். விஷ்ணு 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார்.

இனிக் கட்டைபறிச்சானுக்குத் திரும்புவோம். 2006இல் மூண்ட போரினாற் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களிற் பலர் ஆண்டுக்கணக்காக இவ்வூரின் நலன்புரி நிலையத்தில் வாழ்ந்து, பெரும்பாலும் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் நிலத்துக்கு மீண்டனர். அக்காலத்திற் கடல் கண்ணெதிரே இருந்தும் காலெடுத்து வைக்க முடியாததாயிற்று. அந்நாட்களிற் பிறந்த பிள்ளைகள் இன்று இளைஞர். இவர்களுக்கென இக்கரையில் ஒரு பாய்ப்படகுக் கழகம் தோன்றுமாயின், அது கண்ணைக் கவரும் படகையன்று, அனைவரும் ஏறத்தக்க படகையே வாங்க வேண்டும். அன்பளிப்பாகக் கிடைக்கிறதென்று ஒன்றுக்கொன்று பொருந்தாத ஐந்து வகைப் படகுகளை ஏற்றுக்கொள்வது பெருந்தவறு. உதிரிப் பாகம் ஒன்றுக்கொன்று உதவாது. ஒத்த பந்தயமும் நடவாது. ஒரே வகையில் ஆறு படகு, பழையனவாயினும், போதும்.

காற்றையும் மறத்தலாகாது. மே முதற் செப்ரெம்பர் வரை வீசும் கச்சான் இக்கரையில் நிலத்திலிருந்து கடலை நோக்கித் தள்ளும். நீர் தெளிந்து, கரையோரம் அமைதியாய்த் தோன்றும். கவிழ்ந்தவனை அதுவே குடாவின் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும். ஆகையால் இயந்திரப் படகு ஒன்று காவலுக்கு நில்லாமல் எவரையும் இறக்கக் கூடாது. வாடை வீசும் நவம்பர், டிசெம்பர், சனவரி மாதங்களிற் படகுகளைக் கவிழ்த்து வைத்து, கண்ணாடியிழை வெடிப்புகளை ஒட்டுவதே நல்வேலை. மீன்பிடிப் படகுகளை ஒட்டிப் பழகிய கைகள் இக்கரையோரத்தில் ஏராளம். அதற்கு வெளியூரார் வேண்டியதில்லை.

எந்தப் பாய் யாருக்கு என்பதை நிறை பார்த்தே தீர்மானிக்க வேண்டும். ஏறத்தாழ 60 கிலோகிராமுக்குக் குறைந்தவர்க்கு முதலாண்டில் 4.7 பாயே போதும். அதற்கு மேற்பட்டவர்க்கும் தொடக்கத்தில் 5.76ஐத் தாண்டத் தேவையில்லை. நிறுப்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். மீன் வாடியிலுள்ள தராசே போதும்.