குறையைக் கேட்கும் செவி: பெரம்பூர் ஆலைகள் புகட்டும் பாடம்



பொழுது விடிந்தால் நம் கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையை நோக்கி ஒரு கூட்டம் புறப்பட்டுவிடுகிறது. பட்டறையிலோ தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ பணியாற்றும் ஒருவர் இல்லாத வீடு நம்மிடையே அரிது. பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் முதலாளிகளும் நம்மில் உண்டு. மேலிருப்பவரின் சொல் கீழே எவ்வாறு சென்று சேர்கிறது? கீழிருப்பவரின் குறை மேலே எவ்வாறு எட்டுகிறது? இது நம் வீட்டு அடுப்பைத் தொடும் கேள்வியாகும். விடைக்காக நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பெரம்பூர்ப் பகுதியின் நூற்றாண்டு கால வரலாற்றைப் புரட்டினாலே போதும்.

துணிக்கடைக்கு வந்த முறையீடு

பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்தில் 1876இல் பக்கிங்காம் ஆலையும், 1880களின் தொடக்கத்தில் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. ஆயிரக்கணக்கானோர் அங்கே உழைத்தனர். மேலாளர்கள் ஆங்கிலேயர்கள், தொழிலாளர்களோ தமிழும் தெலுங்கும் உருதும் பேசும் ஏழைகள். நீண்ட வேலை நேரம், கை கழுவி உண்டு திரும்பப் போதாத அரை மணி நேர நண்பகல் இடைவேளை, மேலதிகாரிகளின் வசை, சில வேளைகளில் அடி! இவற்றையெல்லாம் எவரிடம் சொல்வது? சொன்னால் வேலை நிலைக்குமா?

ஆலைக்கு அருகே துணிக்கடை வைத்திருந்தவர் செல்வபதி செட்டியார். கடைக்கு வந்த தொழிலாளர்கள் துணியை விலை பேசியதோடு தம் துயரையும் கொட்டினர். நிர்வாகத்தின் காதில் விழ வேண்டிய குறை, ஒரு கடைக்காரரின் காதில் விழுந்தது. சிந்தித்துப் பாருங்கள்! உள்ளே கேட்பார் இல்லாத குறை அழிந்துபோவதில்லை. அது வெளியே வழி தேடிக்கொள்கிறது.

செல்வபதி செட்டியாரும் அவருடைய நண்பர் இராமானுஜலு நாயுடுவும், அன்னி பெசன்ட் அம்மையாரின் நியூ இந்தியா பத்திரிகையில் பணியாற்றிய பி.பி. வாடியாவை நாடினர். தேசபக்தன் ஆசிரியர் திரு.வி.க.வும் துணை நின்றார். போரூரை அடுத்த துள்ளத்தில் பிறந்த அவர், ஒருவகையில் நம் வட்டாரத்தவரே! 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உதயமாயிற்று. முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர் பலரும் அதனைக் குறிப்பிடுகின்றனர்.

பேச மறுத்ததன் விலை

இனியேனும் பேச்சு நடந்திருக்கலாம். ஆனால் வெளியார் நடத்தும் சங்கத்தை ஏற்பதற்கில்லை என்பதே நிர்வாகத்தின் நிலையாக இருந்தது. வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாறி மாறி வந்தன. 1920 இறுதியில் நிறுவனம் வாடியாவின் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தொழிலாளர்களை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலகிய பின்னரே வழக்கு ஓய்ந்தது. பேசி முடிக்க வேண்டியதை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றதால் இரு தரப்புக்கும் நடுவே இருந்த ஒரு பாலம் தகர்ந்தது.

அடுத்த ஆண்டு அதனினும் கொடியது. 1921இல் கர்நாடிக் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் பக்கிங்காம் ஆலைக்கும் பரவி, மாதக்கணக்கில் நீண்டது. பசி தொழிலாளர்களையே இரு கூறாக்கிற்று. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றனர். நேற்றுவரை ஒரே தறிக்கூடத்தில் நின்றவர்கள் புளியந்தோப்பில் ஒருவரையொருவர் தாக்கினர், குடிசைகள் எரிந்தன, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. முடிவில் கோரிக்கை எதுவும் நிறைவேறாமலேயே வேலைநிறுத்தம் ஓய்ந்தது. மேலும் கீழும் பேச்சு அறுந்தபோது, பக்கத்தில் நின்றவனோடும் பேச்சு அறுந்தது. அந்த நெருப்பில் எரிந்தவை மேலாளர்களின் மாளிகைகள் அல்ல, ஏழைகளின் கூரைகள்!

தழலுக்குப் பின் வந்த சட்டங்கள்

1922இல் அதே ஆலைகளில் தொழிலாளர் பிரதிநிதிகளும் நிர்வாகத்தினரும் கூடிப் பேசும் குழு ஒன்று அமைக்கப்பட்டது. சங்கத்தை ஒதுக்கவே இத்தகைய குழுக்கள் என்று தொழிற்சங்கத்தார் ஐயுற்றதும் உண்டு. வாடியா வழக்கின் எதிரொலியாக எழுந்த 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம், பதிவு பெற்ற சங்கத்தினருக்கு அத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளித்தது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், நூறு தொழிலாளர்களுக்குக் குறையாத நிறுவனங்களில் இரு தரப்பும் அமரும் பணிக்குழுவுக்கு வகை செய்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, இருபது தொழிலாளர்கள் இருந்தாலே குறைதீர்க்கும் குழு வேண்டும் என்கிறது. அக்குழு 30 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டுவிட்டன. எனினும் அவற்றின் வாயிலில் எழுந்த கேள்வி இன்றும் சட்டத்தில் உயிரோடு இருக்கிறது.

கூஃபாவில் நடந்த விசாரணை

இந்தக் கேள்வி இஸ்லாமிய வரலாற்றுக்கும் புதிதன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் (634–644) கூஃபா நகரத்தார் தம் ஆளுநர் சஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களைப் பற்றிப் புகார் செய்தனர். அவரோ மூத்த நபித்தோழர், பாரசீகப் போரின் தளபதி! எனினும் உமர் (ரலி) அவர்கள் புகாரைத் தள்ளவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து நேரில் கேட்டார்கள். பிறகு ஆட்களைக் கூஃபாவுக்கே அனுப்பி, பள்ளிவாசல் பள்ளிவாசலாக மக்களிடம் விசாரிக்கச் செய்தார்கள். ஒருவரைத் தவிர அனைவரும் சஅத் (ரலி) அவர்களைப் புகழ்ந்தே பேசினர். குறை சொல்பவருக்கும் செவி, குறை சொல்லப்பட்டவருக்கும் செவி, பிறகு சம்பவ இடத்திலேயே விசாரணை! பெரம்பூரில் இல்லாமற்போனவை இம்மூன்றும்தான்.

நாம் செய்ய வேண்டியது

அன்பிற்குரியோரே! சட்டம் இருபது பேர் என்று கோடு கிழிக்கிறது. நம் வட்டாரத்துச் சிறு பட்டறைகளிலோ ஆறு பேரும் எட்டுப் பேரும் பணிபுரிகின்றனர். அங்கே குழு இல்லை. முதலாளியின் மனசாட்சியே குழு. ஆகவே பட்டறை நடத்துவோரே! மாதம் ஒருமுறையேனும் மேஸ்திரியை இடையில் வைக்காமல் தொழிலாளியிடம் நேரில் பேசுங்கள். முடியாத கோரிக்கை என்றால் முடியாது என்பதையும், அதன் காரணத்தையும் சொல்லிவிடுங்கள். மறுப்பைப் பொறுத்துக்கொள்ளும் மனிதன், மௌனத்தைப் பொறுப்பதில்லை. குறை சொன்னவனை அதற்காகவே பழிவாங்காதீர்கள். ஒருவனைத் தண்டித்தால் மற்றவர் அனைவரின் வாயும் அடைபட்டுவிடும். அதன்பின் எந்திரம் பழுதாவதைக்கூட எவரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

பணிபுரிவோரே! தேநீர்க் கடையில் பத்துப் பேரிடம் சொல்வதை, தீர்க்கக்கூடிய ஒருவரிடம் சொல்லுங்கள். கேள்விப்பட்டதை விடுத்து, கண்டதை மட்டும் தேதியோடு எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்றைக் கைவசம் வையுங்கள். உடன் உழைப்பவன் எந்தத் தெருவினன், எந்தச் சமூகத்தவன் என்று பாராமல் அவனோடு பேச்சை அறுத்துவிடாதீர்கள். புளியந்தோப்பின் சாம்பல் நமக்குச் சொல்வது இதுவே.

கேட்கும் செவியையும், நேர்மையாகச் சொல்லும் நாவையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.