கறுப்பா மாறும் குரோம் - ஒரு கொசுவத்திப் பதிவு

போன மாசம் அக்கா பையன் ஒரு பிக்கப் வண்டி வாங்கிட்டு வந்து வாசல்ல நின்னான். செகண்ட் ஹேண்ட்தான். மேற்கு மாம்பலத்துல நம்ம தெருவுல அந்த சைஸ் வண்டியைத் திருப்புறதே ஒரு கலை. நாலு வீட்டு ஸ்கூட்டரை நகர்த்தி, ஒரு தள்ளுவண்டிக்காரர்கிட்ட திட்டு வாங்கி, ஒருவழியா ஓரங்கட்டினான்.

இறங்கினதும் முதல் வார்த்தை: "மாமா, இந்த குரோம் எழுத்து, கிரில், பின்கதவுல இருக்கற பேரு எல்லாத்தையும் பிளாக் அவுட் பண்ணப் போறேன். எப்படிப் பண்றதுன்னுதான் முடிவு பண்ணல."

"பளபளன்னு நல்லாத்தானேடா இருக்கு?"

"ஐயோ, அதெல்லாம் ஓல்டு ஃபேஷன் மாமா."

அவன் சொன்னதுல எனக்கு ஃபேஷன் காதுல விழல. பிளாக் அவுட்ங்கற வார்த்தைதான் விழுந்தது. எங்க வீட்டுல அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். மாம்பலத்துக்காரன் கொசுவத்தி சுத்தினா யாரும் தப்பு சொல்ல மாட்டீங்கன்னு நினைக்கிறேன் :-)

எங்க தாத்தா 1942ல மைலாப்பூர்ல ஒரு வக்கீலுக்குக் கார் ஓட்டிக்கிட்டிருந்தார். அந்தக் காரோட ஹெட்லைட்டுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, நடுவுல விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு கீறல் விட்டு ஓட்டுவாராம். "ராத்திரியில மாட்டு மேல இடிக்காம வீடு வந்து சேர்றதே பெரிய விஷயம்"னு சொல்லுவார்.

மெட்ராஸ்காரங்களுக்கு வெளிச்சத்து மேல பயம் வந்ததுக்குக் காரணம் இருக்கு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து நூத்துக்கும் மேல குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திட்டுப் போச்சு. அப்ப ஊர்ல விளக்கெல்லாம் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது. இன்னிக்கும் கில்லாடியான ஆளை 'அவன் ஒரு எம்டன்'னு சொல்றோமே, அது அந்தக் கப்பல்தான்.

28 வருஷம் கழிச்சு அதே பயம் ஜப்பான் ரூபத்துல வந்தது. 1942 ஏப்ரல் 5ந்தேதி கொழும்பு, மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். அடுத்தது நாமதான்னு மெட்ராஸ் பாதி காலி. ஹைகோர்ட்டைக் கோயமுத்தூருக்கு மாத்தினாங்க. ரிப்பன் பில்டிங் பின்னாடி இருந்த மிருகக்காட்சிசாலையில குண்டு விழுந்து மிருகங்க வெளியே வந்துட்டா என்ன பண்றதுன்னு, சிங்கம் புலியையெல்லாம் சுட்டே கொன்னாங்க. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கு அப்புறம் 1943 அக்டோபர்ல ஒத்தை ஜப்பான் விமானம் வந்து குண்டு போட்டுட்டுப் போனது தனிக்கதை. கல்கத்தாவுல வெள்ளைப் பளிங்கு விக்டோரியா மெமோரியலுக்கே கறுப்பு அடிச்சாங்கன்னா பார்த்துக்கோங்க. பளபளன்னு இருந்தா மேல இருந்து தெரியும். அதான் கணக்கு.

முதல் பிளாக் அவுட் இது. பயத்துல பண்ணினது.

ரெண்டாவது பிளாக் அவுட் அதே 1942ல, அமெரிக்காவுல. ஆனா அதுக்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இல்லை. குரோமியம், நிக்கல், செம்பு மூணுமே யுத்தத்துக்கு வேணும்னு, 1942 பிறந்ததுமே பம்பர் மாதிரி ஒண்ணு ரெண்டு தவிர காரில் வேற எங்கேயும் பளபளக்கும் அலங்காரம் கூடாதுன்னு அரசாங்கம் உத்தரவு போட்டுடுச்சு. ஏற்கெனவே குரோம் பூசித் தயாரா வெச்சிருந்த கம்பெனிகளுக்கு? அதும்மேலயே பெயிண்ட் அடிச்சு வித்தாகணும். ஒருத்தன் மட்டும் பளபளன்னு வித்து லாபம் பார்க்கக் கூடாதாம்! பிப்ரவரியோட தனியார் கார் உற்பத்தியே நின்னு போச்சு. அதனால அந்தச் சில வாரத்துல வந்த கார்கள் ரொம்பக் கொஞ்சம். அதுக்கு அங்கே பேரே 'பிளாக் அவுட்' கார். பழைய கார் சேர்க்கிறவங்க இன்னிக்குத் தேடி அலையறாங்க.

யுத்தம் முடிஞ்சதும் பட்டினி கிடந்தவன் பந்தியில உட்கார்ந்த கதைதான். 1958ல வந்த ப்யூக் கார் கிரில்ல மட்டும் 160 குரோம் கட்டம். நம்ம ஊருக்கு அம்பாசடர் வந்ததும் அந்தச் சமயம்தான். எங்கப்பா 1984ல ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். ஞாயித்துக்கிழமை ஆனா பழைய வேட்டித்துணியை வெச்சுக்கிட்டு பம்பரைத் தேய்ப்பார். அதுல முகம் தெரிஞ்சாதான் டிபனுக்கே வருவார். அதே பம்பருக்குக் கறுப்படிக்கப் போறேன்னு யாராவது அவர்கிட்ட சொல்லியிருந்தா தொலைஞ்சான். கறுப்புக்கு அவர் அனுமதிச்ச ஒரே இடம் ஹெட்லைட்டு. எதிர்ல வர்றவன் கண்ணு கூசாம இருக்க நம்ம ஊர்ல நடுவுல ஒரு பொட்டு வைப்பாங்களே, அது.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம். பெயிண்ட் அடிச்சா போச்சு, இதுல என்ன குழப்பம்னு நானும் நினைச்சேன். கொஞ்சம் படிச்சப்புறம்தான் குரோமோட குணம் புரிஞ்சது.

1797ல வோக்லான்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சைபீரியாவுல கிடைச்ச சிவப்புக் கல்லுல இருந்து கண்டுபிடிச்ச உலோகம். அதோட உப்பெல்லாம் மஞ்சள், ஆரஞ்சு, பச்சைன்னு வர்றதால 'நிறம்'ங்கற கிரேக்கச் சொல்லையே பேரா வெச்சாங்க. வண்டியில பளபளக்கறதா நாம நினைக்கிற குரோம் மேல இருக்கற ஒரு மெல்லிசு ஏடுதான். ஒரு மைக்ரான் கூட இருக்காது. அடியில நிக்கல், அதுக்கும் அடியில செம்பு, எல்லாத்துக்கும் அடியில இந்தக் காலத்துல பெரும்பாலும் பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கறதால பெயிண்ட் சுலபமா ஒட்டாது. உட்கார்ந்து யோசிச்சதுல எங்களுக்குக் கிடைச்ச வழிகள்:

1. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி, பிரைமர், மேட் பிளாக், மேல கிளியர் கோட். நல்லா செஞ்சா வருஷக்கணக்கா நிக்கும். ஆனா குரோம் திரும்பி வராது.

2. உரிக்கிற ரப்பர் ஸ்ப்ரே. ரெண்டு வருஷம் கழிச்சு மனசு மாறினா தோல் மாதிரி உரிச்சுடலாம். பெட்ரோல் பட்டா கரையும், அதனால டேங்க் மூடி பக்கம் ஆகாது.

3. வினைல் ஸ்டிக்கர். தட்டையான பட்டைக்கு ஓகே. எழுத்தோட வளைவு நெளிவுக்கு ஒட்டுறதுக்குள்ள தாவு தீர்ந்துடும்.

4. பவுடர் கோட்டிங். 180, 200 டிகிரியில வேக வைக்கிற சமாச்சாரம். இரும்புக்குச் சரி. பிளாஸ்டிக் எழுத்தை உள்ளே வெச்சா அல்வாதான் வெளியே வரும்.

5. எழுத்தையே கழட்டிடறது. பின்னாடி ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்தான் பெரும்பாலும். சூடுபடுத்தி, தங்கூசி நரம்பை உள்ளே விட்டு ரம்பம் மாதிரி இழுத்தா வந்துடும். சூட்டுக்கு ஹேர் டிரையர் வேணுமாம். சென்னை மே மாச வெயில்ல எதுக்கு அதெல்லாம் :-)

ஆறாவது வழி ஒண்ணு தேடி வந்தது. புதுப்பேட்டைப் பக்கம் ஒருத்தர், குரோமையே ஆசிட்ல முக்கி எடுத்துட்டுக் கறுப்பா முலாம் போட்டுத் தர்றேன்னார். ரேட்டும் கம்மி. பையனுக்கு ஆசை வந்துடுச்சு. முக்கி எடுத்த தண்ணி எங்கே போகும்னு நான் கேட்டேன். "எங்கேயோ போவுது சார்"னார்.

அந்த 'எங்கேயோ' எதுன்னு எனக்குத் தெரியும். ராணிப்பேட்டையில எங்களுக்குச் சொந்தம் உண்டு. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ்னு ஒரு தொழிற்சாலை 1990களின் மத்தியில மூடினப்ப விட்டுட்டுப் போன குரோமியக் கழிவு சுமார் ஒன்றரை லட்சம் டன். முக்கியமா தோல் பதனிடறவங்களுக்குத் தேவையான குரோமிய உப்பு செஞ்சவங்க. முலாம் பூசற குரோமிக் அமிலமும் அதே குடும்பத்துச் சரக்குதான். ஆறு இணைதிற குரோமியம்னு சொல்ற அந்த வகை, சுவாசத்துல போனா நுரையீரல் புற்றுநோய் வரவைக்கும். அங்கே நிலத்தடித் தண்ணியில அது மஞ்சளா கலந்தது. 2006ல பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட்ங்கற அமைப்பு உலகத்துலயே ரொம்ப மாசுபட்ட பத்து இடம்னு போட்ட பட்டியல்ல நம்ம ராணிப்பேட்டையும் ஒண்ணு.

இப்ப நடக்கறது மூணாவது பிளாக் அவுட்டுன்னு எனக்குத் தோணுது. ஐரோப்பாவுல 2017க்கு அப்புறம் தனி அனுமதி இல்லாம அந்த அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. கலிஃபோர்னியாவுல அலங்கார முலாமுக்கு அதை 2027க்குள்ள நிறுத்தணும்னு 2023ல முடிவு பண்ணினாங்க. கார் கம்பெனிகளே குரோமைக் குறைச்சுக் கறுப்பா விடறதுக்கு ஃபேஷன் மட்டும் காரணம் இல்லை. 1942ல உலோகம் பத்தல. இப்ப விஷம் தாங்கல.

பையன்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "ஏற்கெனவே பூசினது பூசினதுதானே மாமா, நான் மேல கறுப்படிச்சா அந்த விஷம் குறையுமா?"ன்னான். நியாயமான கேள்வி. குறையாது. ஆனா இன்னொரு தொட்டித் தண்ணி 'எங்கேயோ' போகாது, அவ்வளவுதான்.

கடைசியில எழுத்தைத் தங்கூசி நரம்பு போட்டுக் கழட்டினோம். கிரில்லுக்கு உரிக்கிற ஸ்ப்ரே. ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. துணியால துடைக்கிற வேலை எனக்கு. கழட்டின எழுத்தை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு பரண் மேல, அப்பாவோட அம்பாசடர் சாவி பக்கத்துல வெச்சிருக்கேன். அவன் வண்டியை விக்கும்போது தேவைப்படும்.

பி.கு.: ஆர்வக்கோளாறுல நம்பர் பிளேட், பின்விளக்குல கை வெச்சுடாதீங்க. ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டறதை 2012லயே சுப்ரீம் கோர்ட் தடை பண்ணியாச்சு.

பி.பி.கு.: உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது 1942 மெட்ராஸ் இருட்டைப் பத்திச் சொல்லியிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. எங்க தாத்தா சொன்னதை ஒழுங்கா எழுதி வெச்சுக்கலையேன்னு இப்ப அடிச்சுக்கறேன்.