குண்டு டயர் சைக்கிளின் கதை - வாங்கும் முன் கொஞ்சம் வரலாறு

மோட்டார் பைக் டயர் மாதிரி தடித்த டயர் போட்ட சைக்கிள் இப்போது கோவை கடைகளிலும் தொங்குகிறது. எங்கள் வகுப்பிலும் "வாங்கலாமாடா?" என்ற பேச்சுதான். பார்க்க கம்பீரமாக இருக்கிறது, சரி. ஆனால் இந்த டயர் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் எதை வாங்குவது, வாங்கவே வேண்டுமா என்பது தானாக விளங்கும்.

காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் தாம்சன் காப்புரிமை வாங்கிவிட்டார். அது மறந்தே போனது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்து கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்து பார்த்த டயருக்கு மறுபடி காப்புரிமை பெற்றார். அதன் பிறகுதான் சைக்கிள் உலகம் முழுக்க ஓடியது. 1900-ல் தங்கம் தேடிப் போன எட் ஜெஸ்ஸன் என்பவர் கனடாவின் டாசனில் இருந்து அலாஸ்காவின் நோம் வரை உறைந்த யூகான் ஆற்றின் வழியாக சைக்கிளிலேயே போனார்! நாய் வண்டிகள் அழுத்திப்போன தடம் இருந்ததால் சாதாரண டயரில் அது முடிந்தது. பொலபொலவென்ற பனியில் நடக்காது.

நம்மூருக்கு வருவோம். 1949-ல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூர் தொழிற்சாலையில் இருந்து ஹெர்குலிஸ் வந்தது. நம் தாத்தாக்கள் ஓட்டிய அந்த மாதிரி வண்டிகளில் டயர் அகலம் ஒன்றரை அங்குலம். பால் கேன் கட்டிக்கொண்டு மண் ரோட்டில் ஓடும். அமராவதி ஆற்று மணலில் இறங்கினால்? இறங்கித் தள்ள வேண்டியதுதான் :-)

இதே சிக்கல் மாட்டுவண்டிக்கும் இருந்தது. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி ஈரக் காட்டில் புதையும். டயர் வண்டி வந்ததும் அதே ஜோடி மாடுகள் கூடுதல் பாரம் இழுத்தன. கொங்கு விவசாயிக்கு குண்டு டயரின் சூட்சுமம் எப்போதோ தெரியும் என்பதுதான் என் கட்சி!

அந்த சூட்சுமம் இதுதான். டயர் தரையை எவ்வளவு அழுத்துகிறது என்பது ஏறக்குறைய உள்ளே இருக்கும் காற்றழுத்தம்தான். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, அதாவது 176 பவுண்டு என்று வைப்போம். 50 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு சுமார் மூன்றரை சதுர அங்குலம். 8 பி.எஸ்.ஐ. என்றால் 22 சதுர அங்குலம். பாரம் பரவுகிறது, வண்டி புதைவதில்லை. குறுகிய டயரில் இவ்வளவு குறைத்தால் ரிம் தரையில் இடிக்கும். அதற்காகத்தான் தடிமன்.

1987-ல் அலாஸ்காவில் இடிடாபைக் என்ற பனிப் பந்தயம் தொடங்கியது. அங்கே ஓட்டியவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டிங் செய்து பார்த்தார்கள். சைமன் ராக்கோவர் 44 மி.மீ. அகல ரிம்மை விற்பனைக்கே கொண்டுவந்தார். தெற்கே நியூ மெக்சிகோவில் ரே மோலினா, பாலை மணலில் ஓட்ட 80 மி.மீ.க்கு மேல் அகலமான ரிம் செய்தார். 1999-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் பனிக்காரர்களும் மணல்காரரும் சந்தித்தார்கள். 2005-ல் சர்லி நிறுவனம் 3.7 அங்குல டயரோடு பக்ஸ்லி என்ற சைக்கிளை விற்றது. அதன் பிறகுதான் இது பட்டறையில் இருந்து கடைக்கு வந்தது. 2013 டிசம்பரில் மரியா லெய்ஜர்ஸ்டாம் குண்டு டயர் போட்ட மூன்று சக்கர சைக்கிளில் தென் துருவத்தையே தொட்டுவிட்டார்.

இனி நம் பட்ஜெட். பத்து பதினைந்தாயிரம் ரூபாய் வண்டி பெரும்பாலும் இரும்பு ஃபிரேம். 18 கிலோவுக்குக் குறையாது. வரலாறு சொல்லித் தரும் கேள்விகள் நான்கு:

1. ரிம் அகலம் எவ்வளவு? டயர் மட்டும் தடித்து ரிம் குறுகலாக இருந்தால், காற்றைக் குறைத்ததும் டயர் இரு பக்கமும் நெளியும். 65 மி.மீ.க்கு மேல் இருந்தால் நல்லது.

2. கியர் உண்டா? மணலில் லேசான கியர் இல்லாவிட்டால் தொடை பேசும்.

3. முன் சஸ்பென்ஷன் தேவையா? தேவையில்லை. டயரே மெத்தை. மலிவான ஸ்பிரிங் ஃபோர்க் எடையைத்தான் கூட்டும்.

4. அந்த அளவு டியூபும் டயரும் உங்கள் ஊரில் கிடைக்குமா? கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

கூடவே சின்ன அழுத்தத்தைக் காட்டும் கேஜ் ஒன்று வாங்குங்கள். மணலில் 6 முதல் 8, தார் ரோட்டில் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வைக்கலாம். இறுகிய பனிக்கட்டியில் மட்டும் எவ்வளவு தடித்த டயரும் வழுக்கும். அதற்கு ஆணி பதித்த டயர் வேண்டும்.

காந்திபுரத்தில் இருந்து கல்லூரி வரை மட்டும் ஓட்டப் போகிறவர்களே, உங்களுக்கு இந்த வண்டி வெறும் பாரம். அந்தப் பணத்துக்கு இதைவிட லேசான நல்ல சைக்கிள் கிடைக்கும். கொடுமுடி காவிரி மணலும் தனுஷ்கோடிக் கடற்கரையும் மனதில் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அலாஸ்காக்காரர்கள் தேடியது தடித்த டயரை அல்ல, குறைந்த காற்றை. கடைக்காரர் முழுக் காற்று அடித்துக் கொடுத்ததை அப்படியே மணலில் இறக்கினால் தாத்தாவின் ஹெர்குலிஸ் மாதிரி நீங்களும் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்!