மணமேடையும் தலைவர் வாக்கும்

ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் ஒரு வீட்டை அரசு நினைவில்லமாகப் பேணி வருகிறது. 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், அவ்வூர் முன்சீப்பின் மகனாக இராஜாஜி பிறந்த வீடு அது. அந்நாளில் சேலம் ஜில்லாவின் வடகோடியாகவும், 1965 முதல் தர்மபுரி மாவட்டத்தின் பகுதியாகவும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பகுதியாகவும் பெயர் மாறி வந்த இந்த எல்லைச் சீமையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் ஒலிக்க, ஒவ்வொரு சமூகத்தாரும் தத்தம் சம்பிரதாயப்படி விவாகங்களை நடத்தி வந்தார்கள். யார் யாரை மணக்கலாம் என்ற கேள்விக்கு ஜாதி ஒன்றே விடையாக நின்ற காலம் அது. அந்த விடையைத் தம் சொந்தக் குடும்பத்திலேயே மாற்றி எழுத நேர்ந்த ஒருவர் இம்மண்ணில் பிறந்தவர் என்பது, இன்று தன்பாலினத்தவர் திருமணத்தைப் பற்றிச் சிந்திக்கும் நமக்குப் பெரிதும் உதவக்கூடிய ஒரு சரித்திரச் செய்தி.

இராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியடிகளின் இளைய குமாரர் தேவதாஸும் ஒருவரையொருவர் விரும்பியபோது, இரு தந்தையரும் உடனே ஆசி கூறிவிடவில்லை. பெண் பிராமண குலம். பிள்ளை வைசிய குலம். உயர்குலம் எனப்பட்டதிலிருந்து பெண் கொடுக்கும் இத்தகைய மணத்தைச் சாஸ்திரம் பிரதிலோமம் என்று தள்ளியது. ஹிந்து சட்டம் பயின்ற வக்கீலான இராஜாஜி அதை அறியாதவரல்லர். காந்தியடிகளோ, 1920களின் தொடக்கத்தில் ஜாதிக்குள்ளேயே மணம் புரிய வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை ஆதரித்து எழுதியவர். காதலின் உறுதியைச் சோதிக்க விரும்பிய பெரியவர்கள் இருவரும், ஐந்தாண்டு காலம் பிரிந்திருக்க வேண்டும் என்று இளையவர்களுக்கு நிபந்தனை விதித்தார்கள். இருவரும் பொறுத்திருந்தார்கள். 1933ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், 21 நாள் உபவாசத்தை முடித்துச் சில வாரங்களே ஆகியிருந்த காந்தியடிகளின் முன்னிலையில், புனாவிலுள்ள பர்ணகுடி இல்லத்தில் அந்தத் திருமணம் நிறைவேறியது.

கலப்பு மணத்தின் நியாயத்தை அதற்கு முன்னரும் சீர்திருத்தவாதிகள் பலர் எடுத்துரைத்திருந்தார்கள். நாடு போற்றும் இரு தலைவர்கள், தம் மக்களை அந்த மணமேடையில் அமர்த்தி, தாமும் அருகில் அமர்ந்தது அந்த வாதங்களெல்லாம் எட்டாத இடத்தை எட்டியது. பெரியவர் ஒருவர் செய்துவிட்ட காரியத்தைச் செய்வதில் எளியவனுக்கு அவமானம் இல்லை; "அவர் வீட்டிலேயே நடந்திருக்கிறதே" என்ற ஒரு வாக்கியம், மணம் செய்துகொள்ளத் துணிந்த பிள்ளைகளுக்கும், ஊரார் முகத்தில் விழிக்க அஞ்சிய பெற்றோருக்கும் ஒரு கவசமாயிற்று. காந்தியடிகளின் கருத்தும் அங்கேயே நின்றுவிடவில்லை. மணமக்களில் ஒருவர் ஹரிஜனராக இருந்தால்தான் ஆசி கூறுவேன் என்னும் நிலைக்கு 1940களில் அவர் வந்து சேர்ந்தார். அந்த மணம் நடந்து 16 ஆண்டுகள் கழிந்த பின்னர், 1949இல், ஜாதி வேற்றுமையால் ஹிந்து விவாகம் செல்லாதது ஆகாது என்று நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது.

இதே காலத்தில் தமிழகத்தின் வேறொரு திசையிலிருந்து, இதனினும் ஆழமான மாறுதல் ஒன்று எழுந்தது. புரோகிதரும் மந்திரமும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தைப் பெரியார் 1928ஆம் ஆண்டு அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடத்திவைத்தார். இந்த முறையில், மேடையிலிருந்து அகற்றப்பட்ட புரோகிதரின் இடத்தில் ஒரு பொதுவாழ்வுத் தலைவர் அமர்ந்தார். அழைப்பிதழில் 'தலைமை', 'முன்னிலை', 'வாழ்த்துரை' என்று மூன்று சொற்கள் இடம்பெற்றன. தாலி கட்டும் முன்போ பின்போ, பெண்ணுரிமையையும் ஜாதி ஒழிப்பையும் பற்றி மணிக்கணக்கில் சொற்பொழிவு நிகழ்ந்தது. பிற நாடுகளில் ஒரு தலைவர் தம் அபிப்பிராயத்தைப் பத்திரிகைப் பேட்டியில் தெரிவிக்கிறார். தமிழ்நாட்டிலோ அவர் கல்யாணப் பந்தலில், மணமக்களின் தாய் தந்தையர் எதிரில், உண்ண வந்த உறவினரின் செவியில் படும்படி அதைச் சொன்னார். பொதுஜன மனத்தை மாற்றுவதற்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடத்தை நம் நாடு கண்டதில்லை என்பது என் துணிபு.

ஆயினும், தலைவரின் வாழ்த்து சட்டத்தின் கையெழுத்து ஆகிவிடாது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம், சம்பிரதாயச் சடங்குகளின்றி நடந்த இத்தகைய மணம் ஹிந்து சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊரறிய வாழ்ந்த தம்பதிகளின் உறவு சட்டத்தின் கண்ணில் உறவன்று என்றும், அவர்கள் பெற்ற குழந்தைகளின் வாரிசுரிமை ஐயத்துக்குரியது என்றும் ஆகிவிட்ட அந்த நிலையிலும், ஆயிரக்கணக்கானோர் அம்முறையிலேயே மணம் புரிந்துவந்தனர். 1967இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற அண்ணாதுரை, ஹிந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்னும் பிரிவைச் சேர்க்கும் மசோதாவை அவ்வாண்டிலேயே நிறைவேற்றினார். குடியரசுத் தலைவரின் ஒப்புதலுடன் 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில், இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று இருவரும் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி அணிவித்தாலும் போதும். முன்பு நடந்த மணங்களும் அச்சட்டத்தால் செல்லுபடியாயின. சுக்கிலநத்தத்துக்கும் கோட்டைக்கும் இடையே இருந்த தூரம் 39 ஆண்டுகள்.

அந்தச் சட்டத்தின் எல்லை எது என்பதை ஓசூர் மக்கள் அன்றாடம் கடக்கும் சாலையே காட்டும். ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் அடி வைத்தால், 7-அ பிரிவு அங்கே இல்லை. அது தமிழ்நாடு தனக்கெனக் கொண்டுவந்த திருத்தம். எல்லைக்கு அப்பால் கன்னடத்தின் மகாகவி குவெம்பு, ஆடம்பரமும் புரோகிதமும் நீங்கிய 'மந்த்ர மாங்கல்ய' மண முறையை வகுத்து, 1966இல் தம் மகன் பூர்ணசந்திர தேஜஸ்வியின் திருமணத்தையே அவ்வாறு நடத்திக் காட்டினார். அவரும் தம் சொந்த வீட்டிலிருந்தே தொடங்கினார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆனால், அதற்கென ஒரு தனிச் சட்டப் பிரிவு இயற்றப்படவில்லை. ஒரே ஆசை, ஒரே காலம், அரை மணி நேரப் பயணத் தொலைவு. ஒரு பக்கம் அது சட்டமாயிற்று, மறுபக்கம் அது ஒரு நற்பழக்கமாக நின்றது.

சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, 1980களில் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் இங்கே வேரூன்றிய பின், ஓசூரின் மக்கள்தொகையும் மனோபாவமும் வேகமாக மாறின. பல மாவட்டங்களிலிருந்தும் பல மாநிலங்களிலிருந்தும் வந்து, வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கி, சொந்தச் சம்பாத்தியத்தில் வாழும் இளைஞர்களும் யுவதிகளும் இங்கே நிறைந்திருக்கிறார்கள். அவர்களுள் தம் பாலினத்தவரையே நேசிப்பவர்களும் இருக்கிறார்கள். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் அவர்கள் இருந்தே வந்திருக்கிறார்கள். நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் 2008 முதல் அவர்களுடைய பேரணி நடந்து வருகிறது. ஆனால் அவர்களுடைய மணமேடைக்கு 'தலைமை' வகிக்க இன்னும் யாரும் முன்வரவில்லை.

ஒரு சொல்லை மட்டும் ஒரு தலைவர் மாற்றினாலும் எவ்வளவு மாறும் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஏளனச் சொற்களால் அழைக்கப்பட்டு வந்த ஒரு சமூகத்தாரைத் 'திருநங்கை' என்னும் கௌரவமான பெயரால் அழைக்கும் வழக்கத்தை முதலமைச்சர் கருணாநிதி பரவச் செய்தார். அவரது அரசு 2008இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது. ஏட்டிலும் மேடையிலும் அச்சொல் நிலைபெற்றது. 2015இல் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதாவை மாநிலங்களவை நிறைவேற்றியது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஹிந்து திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தது.

அயல்நாட்டு அனுபவமும் இதையே உரைக்கிறது. அமெரிக்காவில் 1996இல், தன்பாலினத்தவர் மணத்தை ஆதரித்தோர் நூற்றுக்கு 27 பேர் மட்டுமே என்று கேலப் நிறுவனத்தின் கணிப்பு கண்டது. அவ்வாண்டு ஜனாதிபதி கிளின்டன் அதற்கு எதிரான சட்டத்திலேயே கையெழுத்திட்டார். 2012 மே 9ஆம் நாள் ஜனாதிபதி ஒபாமா தம் ஆதரவை வெளிப்படையாக அறிவித்தபோது, ஜனங்களின் மனம் ஏற்கெனவே பாதி தூரம் நடந்து வந்திருந்தது. அவர் வாக்கு அதற்கு முத்திரையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் மூன்று மாநில வாக்காளர்கள் அத்தகைய மணத்தை வாக்களித்தே ஏற்றனர். தைவானிலோ, 2018இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் எதிர்த்தும், அரசியல் சாசன நீதிமன்றத்தின் ஆணையைத் தலைமேற்கொண்டு அரசு 2019இல் சட்டமியற்றியது. சில ஆண்டுகளுக்குள் ஆதரிப்போரே பெரும்பான்மையாயினர். சில சமயம் தலைவர் மக்களின் பின்னே வருகிறார். சில சமயம் முன்னே நடக்கிறார்.

நம் நாட்டில் முன்னே நடக்கும் பாரத்தைச் சுமந்து வந்திருப்பவர்கள் பெரும்பாலும் நீதிபதிகளே. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாம் இப்பொருளில் அறியாமை உடையவராக இருந்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, நிபுணரிடம் பாடம் கேட்ட பின்னரே தீர்ப்பு எழுதினார். 2023 ஆகஸ்டில் நீதிபதி ரவீந்திர பட் அங்கம் வகித்த உச்சநீதிமன்ற அமர்வு, சுயமரியாதைத் திருமணத்துக்கு ஊர்கூட்டிய ஆடம்பரம் தேவையில்லை என்று உரைத்து அதன் எளிமையைக் காத்தது. அதே ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், ஐவர் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி, தன்பாலினத்தவரின் உறவை அங்கீகரிப்பது சட்டமன்றங்களின் வேலை என்று விட்டுவிட்டார். மத்திய அரசு அவ்வழக்கில் எதிர்த்தே நின்றது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறி, பிறந்த வீட்டாரால் தன் துணையிடமிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தன் விருப்பப்படி வாழ விடுவித்தது.

ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று தலைவர்கள் அஞ்சுவதற்கு இன்று ஆதாரம் குறைவு. 2023இல் பியூ ஆய்வு நிறுவனம் கேட்டறிந்தபோது, இந்தியரில் நூற்றுக்கு 53 பேர் இத்தகைய மணத்தைச் சட்டம் ஏற்கலாம் என்றும், 43 பேர் கூடாது என்றும் கூறினர். 1933இல் பிரதிலோம விவாகத்தைப் பற்றியும், 1928இல் புரோகிதரற்ற மணத்தைப் பற்றியும் அப்படியொரு கணக்கு எடுத்திருந்தால், அதில் பாதியாவது தேறியிருக்குமா என்பது ஐயமே. அன்று தலைவர்கள் எண்ணிக்கைக்குக் காத்திருக்கவில்லை.

ஆகையால் தமிழகத்தின் தலைவர்களுக்கு என் விண்ணப்பம் இது: நீங்கள் பிறந்து வளர்ந்த அரசியல், கல்யாணப் பந்தலில் உருவான அரசியல். இருவர் தம் விருப்பத்தால் வாழ்வைப் பகிர்ந்துகொள்ளும்போது, அவர்களுக்கு முன்னால் அமர்ந்து வாழ்த்துரை சொல்வதுதான் உங்கள் முன்னோர் உங்களுக்கு விட்டுச் சென்ற கடமை. தொரப்பள்ளியில் பிறந்தவர், தாமும் தயங்கிய பிறகே அந்த மேடைக்கு அருகில் சென்றார். உங்கள் தயக்கமும் மன்னிக்கத் தக்கதே. ஆனால் ஐந்தாண்டு காத்திருந்த அந்த இருவரைப் போல், இந்தப் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள். அழைப்பிதழில் 'தலைமை' என்ற சொல்லுக்கு எதிரே உள்ள இடம் வெறுமையாக இருக்கிறது. உங்கள் பெயரை அங்கே எழுதுங்கள்.