அறிவினாவும் அறியாவினாவும்: வகுப்பறைக் கேள்வியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளி. நான் வாத்தியாராகச் சேர்ந்த புதிது. வரிசையாக எழுப்பிக் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தேன். இருளர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து நின்றான், பேசவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. 'படிப்பு ஏறாத பிள்ளை' என்று அன்று முடிவு கட்டினேன். நான் கேட்டது எப்படிப்பட்ட கேள்வி என்று யோசிக்கப் பல வருசம் ஆனது.

நன்னூல் வினாவை ஆறாக வகுக்கிறது: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. விடை தெரிந்தவர் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பதே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம். தெரியாதவர் கேட்பது அறியாவினா, அது மாணவனுடையது. ஆக, யார் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்ற பங்கீடு இலக்கண உதாரணத்திலேயே இருக்கிறது. இருந்தாலும் மாணவன் கேட்பதைக் கற்கும் முறைகளில் ஒன்றாக நன்னூல் ஏற்றுக்கொண்டது.

காலனியப் பள்ளி அதையும் சுருக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்வு முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை இருந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், கேட்பார். பிள்ளைகள் சொல்லும் பதில்தான் பள்ளியின் வரும்படி. அவர் கேட்கப்போவதை வாத்தியார் முன்கூட்டியே கேட்டு ஒத்திகை பார்ப்பார். வகுப்பறைக் கேள்வி தணிக்கையாக மாறிய கதை இது. மானியமுறை போய்விட்டது, இன்ஸ்பெக்டர் மட்டும் நமக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு மாற்றை நான் பார்த்தது அறிவொளியில். 1990களின் தொடக்கம், விழுப்புரம் தனி மாவட்டமாக ஆனது 1993இல். இரவு வகுப்பில் 'பட்டா' என்ற சொல்லை எழுதிவிட்டு, "யாருகிட்ட பட்டா இருக்கு? ஏன் இல்லை?" என்று கேட்டோம். பதில் எங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத்தான் தெரியும். நடவுக்குப் போய்வந்த அசதியிலும் பெண்கள் விடாமல் பேசினார்கள். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே 1960களில் செய்ததும் இதுதான்: உழைப்பவர்களின் வாழ்க்கையிலிருந்தே சொல்லையும் கேள்வியையும் எடுத்தார்.

ஆனால் அறியாவினா கேட்டால் போதும் என்று நாம் திருப்திப்பட்டுவிட முடியாது. "உங்க அப்பா ராத்திரி எங்க போனார்?" என்பதும் அறியாவினாதான். இருளர்கள்மேல் பொய்த் திருட்டு வழக்குகள் போடப்பட்டதைத் திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் தொடர்ந்து வெளிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாதிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் போனாலும் விசாரணை. கேள்வி என்றாலே விசாரணை என்று அனுபவப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு மௌனம் அறியாமை அல்ல, தற்காப்பு.

கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் கண்டார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், பிள்ளைகள் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் கூடுகின்றன. நான் அந்தப் பையனுக்கு ஒரு விநாடிகூடக் கொடுக்கவில்லை.

நல்ல கேள்விக்கு நான் இன்று வைக்கும் அளவுகோல் இரண்டு. பதில் சொல்பவருக்கு அந்தப் பதிலால் கெடுதல் வரக்கூடாது. அவர் என்னைத் திருப்பிக் கேட்க முடியவேண்டும். "நீ ஏன் சார் சிரிக்க வச்ச?" என்று அவன் கேட்டிருந்தால் அன்று எனக்குப் பதில் தெரியாது. அந்த வகுப்பில் எழுந்திருக்க வேண்டிய ஒரே அறியாவினா அதுதான்.