உகண்டாவின் இமாம்கள் பேசித் தீர்த்த விடயம்



ஆணுறையைப் பற்றிப் பள்ளிவாசலில் பேசலாமா? நம் ஊரில் இன்று கேட்டாலும் சண்டையில்தான் முடியும். சுகாதாரப் பாடத்தில் அந்தப் பகுதி வந்தால் “வீட்டில் வாசியுங்கள்” என்று பக்கத்தைப் புரட்டும் வகுப்பறைகளும் நம்மிடையே உண்டு. உகண்டாவின் இமாம்களோ 1990களிலேயே இதை இருந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

1980களின் தொடக்கத்தில் விக்டோரியா ஏரிக்கரைக் கிராமங்களில் ஆட்கள் எலும்பும் தோலுமாகி இறந்தார்கள். ஊர்மக்கள் அதை ‘ஸ்லிம்’, அதாவது மெலிய வைக்கும் நோய் என்றார்கள். அதுதான் எயிட்ஸ். 1988இல் முஸ்லிம் வைத்தியர்கள் சேர்ந்து உகண்டா இஸ்லாமிய மருத்துவச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் முப்தியையும் மாவட்டக் காழிமாரையும் கூட்டி நோயை விளக்கினார்கள். எயிட்ஸுக்கு எதிராக ஜிஹாத் என்றே அறிவிக்கப்பட்டது. 1992இல் இமாம்கள் மூலம் குடும்பங்களுக்கு அறிவூட்டும் திட்டம் தொடங்கியது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு வீடாகப் போனார்கள்.

ஆரம்பப் பாடத்தில் ஆணுறை இல்லை. விபச்சாரத்துக்கு வழி திறக்கும் என்று இமாம்கள் ஒப்பவில்லை. அந்த அச்சத்தை நாம் பரிகசிக்க மாட்டோம், நமக்கும் அது உண்டு. ஆனால் வீடுகளுக்குள் இருந்த கேள்வி வேறு. கணவனுக்கு நோய், மனைவிக்கு இல்லை. ஹலாலான உறவில் அவளை எதைக் கொண்டு காப்பது? இன்றுள்ள மருந்தை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து துணைக்குத் தொற்றுவதில்லை. அன்று அந்த மருந்து இல்லை. விவாதித்துப் பார்த்து ஆணுறையையும் பாடத்தில் சேர்த்தார்கள். திருமணத்துக்கு வெளியே உறவு வேண்டாம், துணைக்கு விசுவாசமாக இரு என்ற இரண்டுக்கும் பிறகுதான் அது வந்தது.

சரி, அது எவ்வளவு காக்கும்? ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள தம்பதிகளை ஆராய்ந்ததில், ஒவ்வொரு முறையும் பயன்படுத்தினால் தொற்று சுமார் 80 வீதம் குறைகிறது என்று கண்டார்கள். இடைக்கிடை பயன்படுத்துவோருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. கொனோரியாவையும் நன்றாகத் தடுக்கும். ஹெர்பிஸ், எச்.பி.வி. ஆகியவை உறை மூடாத தோலிலிருந்தும் பரவுவதால் அவற்றுக்குப் பாதுகாப்புக் குறைவு. எண்ணெய் பட்டால் இறப்பர் பலவீனமாகிக் கிழியும். வெயிலில் கிடந்ததும் காலாவதியானதும் அப்படியே.

ஒரு நாடளவில் பார்க்க வேண்டுமென்றால் தாய்லாந்து. அங்கே விபச்சார விடுதிகளில் ஆணுறை கட்டாயம் என்ற திட்டம் 1989இல் ரட்சபுரி மாகாணத்தில் தொடங்கி 1991இல் நாடு முழுவதும் வந்தது. 1989இல் 14 வீதமாக இருந்த பாவனை 1993இல் 94 வீதமானது. அதே காலத்தில் ஆண்களிடையே ஐந்து முக்கிய பாலியல் நோய்கள் 79 வீதம் குறைந்தன. அந்தத் தொழிலை நாம் ஏற்கவில்லை. ஆனால் அந்த நோய் விடுதியோடு நிற்பதில்லை, வீட்டிலிருக்கும் மனைவிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் வரும்.

இலங்கையர் ஒருவருக்கு எச்.ஐ.வி. முதன்முதலில் 1987இல் கண்டறியப்பட்டது. இன்று அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், விபரம் இரகசியம். தொற்றிய புதிதில் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். திரும்ப எப்போது வர வேண்டும் என்பதை அங்கே சொல்வார்கள். அதுவரை கணவன் மனைவிக்குள்ளும் ஆணுறை தேவை.